பெட்ரோல் டேப்

கணவன் இறந்த மூன்றாம் மாதம் அவனுடைய பைக்கை அவள் வாசலுக்கு உருட்டி வந்தாள். இருந்தவரை சாவியைக்கூடத் தொடவிட்டதில்லை. "உனக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது" என்பான்.

செல்போனில் வீடியோ பார்த்து கார்புரேட்டரைக் கழுவினாள். பிளக்கை மாற்றினாள், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினாள். வண்டி கிளம்பி, கேட் வரை போய் அணைந்தது. குனிந்து பார்த்தால் டாங்குக்கு அடியில் அவள் திறந்துவைத்த பெட்ரோல் டேப் மூடியிருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் ஃபியூஸ் கழன்று சீட்டின் மேல் கிடந்தது.

"வித்துடும்மா. அவனுக்குப் பிடிக்கலை போல" என்றார் மாமியார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு அத்தை."

ஃபியூஸைச் செருகினாள். டேப்பைத் திறந்து, இடக்கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டே கிக்கரை உதைத்தாள். எஞ்சின் உறுமியது. விரல்களுக்குள் டேப் மெல்லத் திரும்பப் பார்த்தது. அவள் விடவில்லை.

"நான் ஓட்டத்தான் போறேன். உங்களால ஆனதைப் பாத்துக்கோங்க" என்றாள் டேப்பைப் பார்த்து.

மணிக்கட்டு வலிக்கும்வரை இழுபறி. பிறகு டேப்பின் எதிர்ப்பு தளர்ந்தது.

வண்டி கேட்டைத் தாண்டியது. தெருமுனையில் பின்சீட் மெல்ல அமுங்கியது.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கியரைப் போட்டாள்.