கோடில்லாத வட்டம்

"இந்த வட்டம் எதுக்கு சார்? ஒரு கோடுகூட இல்லாம தனியா ஒதுங்கி நிக்குது?"

புது மேலாளர் சுவர்த் திரையில் விரலை வைத்துக் கேட்டாள். தாடிக்குப் பகீரென்றது. தாடி என்று பேரே தவிர, அவருக்கு இப்போது தாடி கிடையாது. நரைக்கத் தொடங்கியதும் மழித்துவிட்டார். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

திரை முழுக்க வட்டங்கள். அநேகமாக ஒவ்வொன்றும் எங்கோ தொலைவில், வாடகைக்கு எடுத்த கணினிகளில் ஓடும் ஒரு சேவை. எது எதை நம்பிப் பிழைக்கிறது என்று காட்டக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் விழுந்துவிட்டது. மற்ற வட்டங்களுக்கெல்லாம் எண்கள்தான் பெயர். ஓரத்தில் நின்ற இதற்கு மட்டும் 'மச்சான்' என்று பெயர்.

"அது பழைய கம்ப்யூட்டர் பெட்டிம்மா. என் மேசைக்குக் கீழதான் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"இன்னைக்கு ஆபீசைக் காலி பண்றோம். எதுக்குன்னே தெரியாத பெட்டியைப் புது இடத்துக்குத் தூக்கிட்டுப் போக முடியாது சார். வழக்கமான சோதனையைப் பண்ணிடுவோம்."

அந்தச் சோதனை இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு பெட்டி யாருக்காக ஓடுகிறது என்று தெரியவில்லையா? அணைத்துவிட்டுக் காத்திரு. யார் போன் பண்ணிக் கத்துகிறார்களோ, அவர்களுடையது. யாரும் கத்தவில்லை என்றால் பழைய இரும்புக் கடைக்கு.

தாடி சுற்றிலும் பார்த்தார். நாற்காலிகள்கூடப் போய்விட்டன. காலையில் ஆட்கள் மேசைத் தொலைபேசியைக் கழற்ற வந்தபோது மட்டும், "அதைத் தொடாதீங்க, கடைசியில பாத்துக்கலாம்" என்று இவள்தான் விரட்டினாள். ஆரம்பித்த நாளிலிருந்து மாறாத எண் அது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன அதிகாரம்!

"இதே அறையிலதான்மா ஆரம்பிச்சோம், நானும் என் கூட்டாளியும், ரெண்டே பேர். பெட்டியெல்லாம் இந்தச் சுவரோரம் வரிசையா நிக்கும். பெரியப்பா, சித்தி, அத்தைன்னு பேரு வெச்சிருந்தோம். 'பெரியப்பா படுத்துட்டாரு, சித்தியை எழுப்பு'ன்னு அவன் போடுற கூச்சல்ல, மாடிப்படியில போறவங்க வீட்ல ஏதோ துக்கம்னு பயந்துடுவாங்க."

மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அவர் ஏன் போனாரு?"

"பெட்டி வேணாம், எல்லாத்தையும் வாடகைக்கு எடுத்துக்கலாம்னு நான் சொன்னேன். கண்ணுல படாததை எப்படிடா நம்புறதுன்னு அவன் குதிச்சான். வார்த்தை தடிச்சுப் போச்சு, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். கண்ணுல படணும், அவ்வளவுதானேன்னு ராப்பகலா உக்காந்து இந்த வரைபடத்தைப் போட்டேன். முடிச்சப்ப, காட்டுறதுக்கு அவன் இல்ல."

ஒரு கோப்பைத் தேநீரை ஆளுக்குப் பாதியாகக் குடித்துவிட்டு, பெட்டிகளின் சூட்டில் குளிர்காய்ந்த நாட்கள். அவற்றில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தாலும் போதும் என்றிருந்தது அவருக்கு.

"சரி, இந்தப் பெட்டி என்னதான் பண்ணுது?"

"நிமிஷத்துக்கு ஒரு தடவை, அவன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 'இருக்கேன்'னு ஒரு சேதி அனுப்பும். அவ்வளவுதான். நம்ம எல்லைக்கு வெளிய போறதால வரைபடத்துல கோடு விழாது."

"பதில் வருமா?"

"வந்ததே இல்ல."

"அப்ப யாரும் பாக்கல சார். அணைச்சுடுங்க."

"வேணாம்மா. அணைச்சு, யாருமே கத்தலைன்னா..."

இத்தனை வருடமும் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது உறுதியாகிவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமலே காலத்தை ஓட்டிவிட நினைத்திருந்தார்.

"நீங்க அணைக்கிறீங்களா, நான் அணைக்கட்டுமா?"

கல் நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டியபடி, தாடியே குனிந்து பொத்தானை அழுத்தினார். பெட்டிக்குள் சுற்றிய விசிறி முனகி நின்றது. திரையில் மச்சான் சிவப்பானான்.

காத்திருந்தார்கள். ஆட்கள் கடைசி அலமாரியையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தொலைபேசி வாயைத் திறக்கவில்லை. மேலாளர் நகத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். இவளுக்கு என்ன பதற்றம் என்று தாடிக்கு எரிச்சலாக வந்தது.

"பாத்தீங்களாம்மா? போதும். பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லிடுங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் சார். ப்ளீஸ்."

"எதுக்கு? இன்னும் கொஞ்சம் அசிங்கப்படவா?"

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கதவுவரை போயிருப்பார். காலி அறை அதிரத் தொலைபேசி அலறியது.

ஓடி வந்து எடுத்தார்.

"மச்சான்! டேய், உனக்கு என்னடா ஆச்சு? காலையிலகூடப் பச்சையா இருந்தியேடா! இப்ப ஏன்டா சிவப்பா காட்டுது? உசுரோட இருக்கியா இல்லியா? பேசுடா!"

தாடி வாயைத் திறந்தார். கண்ணீர் வழிய, மெல்ல, "இருக்கேன்டா" என்றார்.

மேலாளர் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு அவர் அருகில் வந்தாள்.

"இன்னும் சத்தமா சொல்லுங்க மாமா. அப்பாவுக்கு இப்பல்லாம் சரியா காது கேக்கிறதில்ல."