கேட்டது

மனைவி பால்கனியிலிருந்து விழுந்து செத்த மத்தியானம், வீட்டுப் பக்கமே வரவில்லை என்று அழகர் கடைசிவரை சாதித்தான். ஒற்றைச் சுவர் தள்ளிக் குடியிருந்த பிலோமினா சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

"கண்ணால பாத்தியாம்மா?" என்றார் அழகரின் வக்கீல்.

"பாக்கல சார். அவ அலறுனதக் கேட்டேன்."

அவர் நீதிபதி பக்கம் திரும்பினார். "ஒருத்தர் சொன்னதா இன்னொருத்தர் சொல்றது சாட்சியம் ஆகாதுங்கய்யா."

அரசு வக்கீல் நிதானமாக எழுந்தார். "பொதுவா ஆகாதுதாங்கய்யா. ஆனா சாகற நேரத்துல உயிர் பயத்துல தானா வாயில வந்தது ஆகும்."

நீதிபதி தலையசைத்தார். "அந்தப் பொண்ணு சொன்னத சொன்னபடியே சொல்லும்மா."

பிலோமினா கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அன்று கேட்ட அதே குரலில் அலறினாள். "தள்ளாதீங்க மாமா! மாமா!"

வராந்தாவில் நின்றவர்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் எதிர்க்கூண்டிலிருந்து பதில் பாய்ந்து வந்துவிட்டது.

"கத்தாதடி! பக்கத்து வீட்ல கேக்கும்!"

தட்டச்சுச் சத்தம் நின்றது. பிலோமினா அழகர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுச்சுண்ணே" என்றாள்.