மிச்சக் குரல்

"எங்க அத்தை குரலை வெட்டச் சொன்னது யாரு?"

கிளாரா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றாள். பின்னாலேயே அவள் மாமியார் இஞ்ஞாசியம்மாள், கீழே இருந்த பூட்டுக்கடையின் மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு.

கோயில் பாடகர் குழுத் தலைவர் ஸ்தனிஸ்லாஸ் நாற்காலியில் நெளிந்தார். வெட்டச் சொன்னது அவர்தான்.

அந்தோனியார் திருவிழாவுக்காகப் பதிவு செய்த பாட்டில் ஒரு குரல், தண்ணீரில்லாத கிணற்றில் மோட்டார் ஓடுவதுபோல உறுமிக்கொண்டிருந்தது. பூசையிலும் வருஷக்கணக்காக அதே உறுமல், அவர் காதுக்குப் பக்கத்திலேயே. பக்கத்தில் நிற்பது இஞ்ஞாசியம்மாள். வேறு யாராக இருக்க முடியும்? ஊரும் அப்படித்தான் சொன்னது. அந்தம்மாளும் மறுத்ததில்லை.

ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதிவு செய்திருந்ததால் வெட்டுவது சுலபம். வெட்டியபின் பாட்டைக் கேட்டதும், "இப்பத்தான் தேனா இருக்கு!" என்றார். ஸ்டுடியோக்கார முகேஷ்குமார் இருமிச் சமாளித்தான். அந்தப் பூரிப்பில் பழசையும், 'உறுமல் போயாச்சு' என்று எழுதிப் புதுசையும் சேர்த்தே குழு வாட்ஸப்பில் போட்டுத் தொலைத்துவிட்டார் ஸ்தனிஸ்லாஸ்.

"யாரையும் வெட்டலம்மா. லேசா மெருகேத்தினோம், அம்புட்டுதான்" என்றார். முந்தின நாள்தான் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தார்.

கிளாரா கணக்கு டீச்சர். "அப்படியா? முகேஷு, பழசுலருந்து புதுசைக் கழி. என்ன மிஞ்சுதுன்னு பாப்போம்."

"கழிக்கலாம்க்கா. புதுசோட அலையைத் தலைகீழாப் புரட்டி, பழசோட கூட்டினா, ரெண்டுலயும் இருக்கிறது ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு அடங்கிரும். வெட்டினது மட்டும் நிக்கும்." முகேஷ்குமார் தலையைச் சொறிந்தான். "ஆனா, வேணாமேக்கா."

நல்ல பையன், நம்ம மானத்தைக் காப்பாத்துறான் என்று உருகினார் ஸ்தனிஸ்லாஸ்.

"வா தாயி, போவோம். சோத்துக்கு வெஞ்சனம்கூட வைக்காம வந்துட்டோம்" என்று இஞ்ஞாசியம்மாள் மருமகளின் கையை இழுத்தாள்.

"கழி" என்றாள் கிளாரா.

சிறுமலை மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்த அலைகள் இரண்டும் சேர்ந்ததும், பொத்தென்று ஒரே கோடாகப் படுத்துவிட்டன.

"பாத்தியா! வெட்டவே இல்லை!" ஸ்தனிஸ்லாஸ் எழுந்தே விட்டார். உடனே குழம்பி உட்கார்ந்தார். வெட்டியிருக்கிறதே. அப்படியானால் உறுமல் மிஞ்சியிருக்க வேண்டுமே?

"இருங்க. ஆரம்பத்துல ஏதோ புடைச்சிருக்கு. சத்தத்தைக் கூட்டு முகேஷு" என்றாள் கிளாரா.

முகேஷ்குமார் இஞ்ஞாசியம்மாளைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சத்தத்தைக் கூட்டினான். இஞ்ஞாசியம்மாளின் கிசுகிசுப்பு ஸ்பீக்கரை நிறைத்தது.

"நான் எப்பவும்போல வாயை மட்டும் அசைக்கிறேன் முகேஷு. அந்த உறுமல் என்னோடதுன்னே ஊரு நெனச்சுக்கிடட்டும். தன் தொண்டைதான்னு தெரிஞ்சா, பாவம், ஸ்தனிஸ்லாசு தாங்க மாட்டாரு."