குடிக்காதவன் ஊதிய மூச்சு

குணசீலன் ஒருநாளும் சாராயத்தைத் தொட்டதில்லை. அதனால்தான் போர்வெல் போடும் ரிக் லாரி முதலாளி மோகன்குமார் விருந்துக்குப் போகும்போதெல்லாம் கார் ஓட்ட அவனையே கூட்டிப்போவார்.

அன்று மதியம் பரமத்தி வேலூர் விருந்தில் முதலாளி மூக்குமுட்டக் குடித்தார். திரும்பும் வழியில் போலீஸ்காரர்கள் காரை மறித்துக் குணசீலனை ஊதச் சொன்னார்கள். கருவி 142 காட்டியது; முப்பதைத் தாண்டினாலே வழக்கு. மறுபடியும் ஊதினான். அதே 142. கருவியில்தான் கோளாறோ என்று எஸ்.ஐ. முதலாளியையும் ஊதச் சொன்னார். பூஜ்யம் வந்தது.

"அண்ணா, நான் குடிக்கறதில்லைன்னு நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா."

மோகன்குமார் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏஞ்சாமி, குடிச்சிருக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லீருந்தா நானே ஓட்டியிருப்பனே" என்றார்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. அபராதம் பத்தாயிரம் ஆகலாம், லைசென்ஸையும் நிறுத்திவைப்பார்கள் என்றார் வக்கீல். வண்டி ஓட்டாவிட்டால் குணசீலன் வீட்டில் அடுப்பு எரியாது.

"அழுவாத சாமி, ஜட்ஜம்மாகிட்ட நானே வந்து உண்மையச் சொல்றேன்" என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னபடி வரவும் செய்தார். கோர்ட்டு வாசலில் காருக்குள்ளேயே ஒரு குவார்ட்டரைக் காலி செய்துவிட்டு, உள்ளே வந்து வக்கீலை ஒட்டி உட்கார்ந்தார். வாயைத் திறந்து கொட்டாவி மட்டும் விட்டார். துளி வாடையும் வரவில்லை; வக்கீல் முகம் சுளிக்கவில்லை.

"குடிச்சிருந்தீங்களா?" என்று கேட்டார் ஜட்ஜம்மா.

"இல்லீங்கம்மா, தொட்டதே இல்லீங்க" என்றான் குணசீலன்.

ஜட்ஜம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.