மேச்சேரி ஆடு

மேடை ஏறும் முன் வினோலியா செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாதா கோயில் பீடம் என்று நினைத்துவிட்டாள் போல.

இணைய நெட்வொர்க் நடத்துகிறவர்களின் கூட்டம் இது. வருடத்துக்கு ஒருமுறை சேலத்தில் ஏதாவது ஓட்டல் ஹாலில் கூடுவோம். அவரவர் நெட்வொர்க்கில் என்ன கோளாறு வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று மறைக்காமல் மேடையில் சொல்ல வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் கேபிள் டிவிக்கு வயர் இழுத்தவர்களெல்லாம் இன்டர்நெட் கம்பெனி வைத்த பிறகு, பாதிப் பேர் பிரியாணிக்கு வருகிறார்கள். மீதிப் பேர் இலவசப் பைக்கு வருகிறார்கள்.

இவள் மேச்சேரியிலிருந்து வருகிறாள். சுற்றுவட்டாரத்தில் ஆயிரத்து இருநூறு வீடுகளுக்கு இணைப்பு கொடுத்திருந்தாள்.

"போன ஐப்பசியில நாப்பது நிமிஷம் ஜில்லாவுக்கே நெட் போச்சுங்களே, அது என்னாலதானுங்க" என்று ஆரம்பித்தாள்.

ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல் சொன்னாள். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொண்டே இருக்கும். மேச்சேரி ரவுட்டர் மேச்சேரிக்கு மட்டும் வழி சொன்னால் போதும். இவளுடையது உலகத்துக்கே 'என் வழியாக வா' என்று சொல்லிவிட்டது. மற்ற ரவுட்டர்களும் நம்பிவிட்டன. புது பஸ் ஸ்டாண்டு பஸ்களை எல்லாம் ஒரு மாட்டுவண்டிப் பாதையில் திருப்பிவிட்டால் என்ன ஆகுமோ அது ஆனது.

அன்றைக்கே, எங்கள் எல்லோருடைய கேபிளும் வந்து சேரும் பொது இணைப்பு அறையில் இவள் கேபிளைப் பிடுங்கச் சொன்னவன் நான். சூரமங்கலம் சேவியர்ராஜ் என்றால் இந்தக் குழுவில் மறுபேச்சு கிடையாது.

சுற்றுவழியில் நெட் மெதுவாகிப்போய், மூன்று மாதத்தில் எழுநூறு வீடுகள் அவளை விட்டுப் போய்விட்டன. திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்று எல்லோரும் கை தூக்கிச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அவள் கடையை மூட வேண்டியதுதான்.

மூடட்டும். மைக்கை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

"ரவுட்டருக்குப் போட்ட அந்த கான்ஃபிக் நீங்களா எழுதுனீங்களா, இல்ல எங்கயாவது காப்பியடிச்சீங்களா?"

ஹால் சிரித்தது.

"காப்பிதானுங்க சார். நம்ம குழுவுலதான் கேட்டேன். ஒருத்தரு தனி மெயில்ல எழுதிக் குடுத்தாரு. அப்படியே போட்டுட்டனுங்க."

"யாரு அந்த அறிவாளி? பேரைச் சொல்லுங்க. மொதல்ல அந்த ஆளைக் குழுவை விட்டுத் தூக்கணும். நானே முன்மொழியறேன்!"

கைத்தட்டல். தலைவர் சுவாமிநாதன் முன்வரிசையிலிருந்து திரும்பி எனக்குத் தலையாட்டினார். "சரியாச் சொன்னீங்க. சொல்லும்மா, யாரு?"

அவள் கையிலிருந்த ரிமோட் பட்டனை அழுத்தினாள்.

திரையில் அந்த மெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் மீது கறுப்புப் பட்டை. கீழே பதினோரு வரி. முதல் வரியில் அந்த கான்ஃபிக் விதித் தொகுப்பின் பெயர், ஆங்கில எழுத்தில்: மேச்சேரி ஆடு.

நான் வைத்த பெயர்.

விதித் தொகுப்புக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். கேட்கிறவன் ஊரைப் பார்த்து, அவனை மட்டம் தட்டுகிற மாதிரி ஒன்று வைப்பது என் வழக்கம். இன்னொரு வழக்கமும் எனக்கு உண்டு. இந்த மாதிரி ஆட்களுக்கு எழுதும்போது கடைசி வரியை வேண்டுமென்றே விட்டுவிடுவேன். உன் ஊரைத் தவிர வேறெதற்கும் வழி சொல்லாதே என்கிற வரி. விஷயம் தெரிந்தவன் தானே சேர்த்துக்கொள்வான், தெரியாதவனுக்கு இந்தத் தொழில் எதற்கு என்று நினைப்பேன். மாதத்துக்கு நாலைந்து பேருக்கு இப்படி எழுதுவேன். அன்றைக்கே மறந்தும்விடுவேன்.

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. ஹால் முழுக்க மேடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பேரு வேண்டாமுங்க" என்றாள் வினோலியா. "முன்னூறு பேரு இருக்கற குழுவுல, நான் கேட்டப்ப பதில் போட்டது அவரு ஒருத்தருதானுங்க. கடைசி வரி இல்லீன்னு பாக்காம போட்டது என் தப்பு."

முதலில் ஒருவர் தட்டினார். பிறகு ஹாலே தட்டியது. எனக்குத் தட்டியதைவிடச் சத்தமாக இருந்தது.

"எவன் சார் இப்படிப் பாதி எழுதிக் குடுத்தது?" என்று பின்வரிசையிலிருந்து என் ஆபீஸ் சித்ரா குனிந்து கேட்டாள்.

"எவனோ" என்று உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

சுவாமிநாதன் கை தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். மேச்சேரி கேபிளைத் திரும்பச் செருகுவதென்று முடிவானது.

அவள் படியிறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு என் வரிசைப் பக்கமாக வந்தாள். பை வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்துக் காலை மடக்கி வழி விட்டேன். அவள் நின்றாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கடைசி வரியைச் சேர்த்திட்டனுங்க சார். ஆட்டுப் பேரை மட்டும் மாத்தலீங்க. அப்படியே வெச்சிருக்கறேன்."