அணைய மறுத்த பாதுகாப்பு

கணினிக்குள் ஒரு பொய்க் கணினியை ஓடவிட்டு, அதில் வைரஸை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் செக் நாட்டு ப்ர்னோ நகர ஆய்வகத்தில் டாலிபோரின் வேலை. அதற்கு முதலில் பொய்க் கணினியில் இருக்கும், அவர்கள் ஆய்வகமே தயாரித்த பாதுகாப்பு மென்பொருளை அணைக்க வேண்டும். காலையிலிருந்து அது அணைந்தபாடில்லை.

"இன்னுமா முடியல?" என்றபடி வந்தார் தலைவி லியூத்மிலா. பின்னால் கோட்டும் சூட்டுமாக இரண்டு வங்கி அதிகாரிகள்.

"மூணு தடவை பாஸ்வேர்டு கேட்டுச்சு மேடம். 'நிச்சயமா அணைக்கணுமா?'ன்னு வேற கேட்டுச்சு. அணைச்சா, அடுத்த நிமிஷமே தானா ஆன் ஆயிடுது."

லியூத்மிலாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாத்தீங்களா? எங்க ஆளாலேயே அணைக்க முடியல. நாங்க பண்ணின பாதுகாப்பு அப்படி!"

அதிகாரிகள் மெச்சிக்கொண்டார்கள். ஒருவர் அதை வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். டாலிபோருக்கோ மேசையில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த குலாஷ் கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. போய்த் தொலையட்டும் என்று பாதுகாப்பை அணைக்காமலே வைரஸைத் திறந்துவிட்டான்.

இரண்டே நொடி.

"மேடம், பாதுகாப்பு அணைஞ்சிடுச்சு!"

"அட, எப்படி அணைச்ச?"

"நான் எங்க அணைச்சேன்? வைரஸ் அணைச்சுது. அதுகிட்ட பாஸ்வேர்டுகூட கேக்கல மேடம்."