ஊர்ஜா கட்டிய பாட்டு

கிழக்கு வெளுக்கிறது. விறகுக்கட்டை இறக்கிவிட்டு ஓரமாக நிற்கிறேன். விடியல் தேவிக்கு வேள்வி. வேள்வியில் உட்காரும் மனைவிக்குரிய புல்கயிற்றை இடுப்பில் கட்டி ஊர்ஜா உட்கார்ந்திருக்க, அவள் கணவன் சியாவகன் நெய்க்கரண்டியோடு பாடுகிறான். தயிர் கடைந்துகொண்டே அவள் கட்டிய பாட்டு அது. அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலில் சாணி அள்ளும்போது தினமும் கேட்டிருக்கிறேன். அவள் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைகின்றன. கட்டியவர் பெயர் கடைசி அடியில் வரவேண்டும். “உன் பேர விடுவேனாடி?” என்று நேற்றுகூடச் சிரித்தான். இப்போது குரலை உயர்த்துகிறான்: “சியாவகன் கட்டிய பாட்டைக் கேள், தேவி!” அவள் உதடுகள் நின்றுவிடுகின்றன. “அடேயப்பா! இப்பிடி ஒரு புருஷன் கெடைக்கக் குடுத்துவச்சிருக்கணும்மா. எங்க, ‘ஆகட்டும்’னு சொல்லு,” என்கிறார் புரோகிதர். சூரியன் எழுமுன் மனைவி அந்த ஒரு சொல்லைச் சொன்னால்தான் நெய்யை நெருப்பில் விடலாம். “சொல்லுடி, எல்லாரும் பாக்குறாங்க,” என்று சியாவகன் பல்லைக் கடிக்கிறான். அவள் கிழக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கரண்டி நெய் அவன் புறங்கையில் வழிகிறது. சூரியன் வந்துவிட்டது.